கப்பல் ஏறி இறங்கிய புளி

அப்பா,

இன்று காலை கம்பைநல்லூரில் என் வீட்டு வாசலில் சாக்கை விரித்துப் புதுப் புளிக்குக் கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். முதல் பழத்தைத் தட்டியதுமே அந்தப் புளிப்பு வாசனை மூக்கில் ஏறியது. மற்றவர்களுக்கு இந்த வாசனைக்கு வாய் ஊறும். எனக்கு வயிறு எரிகிறது. செத்தவர்மேல் கோபப்படக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். உயிரோடு இருந்தபோது உங்கள்மேல் கோபப்பட நம் வீட்டில் யாருக்குத் தைரியம் இருந்தது? இப்போதுதான் படுகிறேன். குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கப்பலில் போகலாம் என்று ஆசைப்பட்டது தம்பி. பெங்களூரில் வேலை கிடைத்த புதிது, அவன் கையில் காசு புரண்டது. சென்னையில் ஏற்றிக்கொண்டு, கடலில் சுற்றிக் காட்டி, மறுபடி சென்னையிலேயே இறக்கிவிடும் கப்பல். நீங்கள், அம்மா, தம்பி, நான். என் கல்யாணத்துக்கு முன்னால் இருந்த அதே நாலு பேர். கப்பல் காலையில் கரைக்கு வரும். அன்றைக்கே ரயில் ஏறினால் மொரப்பூரில் இறங்கி, பொழுது சாய்வதற்குள் கடத்தூரில் நம் வீட்டுக்கு வந்துவிடலாம். தம்பி டிக்கெட் போட உட்கார்ந்தபோது "மறுநாளைக்குப் போடு" என்று சொன்னவள் நான்தான். அந்த ஒரு ராத்திரியைச் சென்னையில் இருக்கிற அத்தை வீட்டுக்காகவே மிச்சம் பிடித்தேன்.

உங்கள் ஒரே தங்கை. இடுப்பில் தூக்கி வளர்த்தேன் என்று ஊருக்கெல்லாம் சொல்வீர்களே, அவள். தன் பெண்ணின் கல்யாணப் பத்திரிகையைப் போனில் அனுப்பிவிட்டாள், அதுதானே அவள் செய்த குற்றம்? மாமா கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார், அவரை விட்டு அவளால் நகர முடியவில்லை. நீங்கள் அதைக் காதிலேயே வாங்கவில்லை. "மொத பத்திரிக்க தாய்மாமனுக்குத்தான் வெக்கணும். வெத்தல பாக்கோட நேர்ல வந்து வெக்கணும். போன்ல அனுப்ப அது என்ன கரண்ட் பில்லா?" என்று கத்தினீர்கள். கல்யாணத்துக்கு நீங்களும் போகவில்லை, எங்களையும் விடவில்லை. மேடையில் தாய்மாமன் நிற்க வேண்டிய இடத்தில் உங்கள் சித்தப்பா மகன் நின்றார். அன்றோடு அத்தையும் பேச்சை நிறுத்திவிட்டாள்.

ஆனால் நான் பார்த்தேனே, அப்பா. கப்பலுக்குக் கிளம்பும் முன் கடத்தூருக்கு வந்தபோது, நீங்களே தரையில் உட்கார்ந்து புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒரு வெங்காயம் உரித்தறியாத மனிதர், நார் ஒன்று விடாமல் உருவிப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். "யாருக்குப்பா இது?" என்றேன். "வூட்டுக்குத்தான், வேற யாருக்கு?" என்றீர்கள். அத்தை வாழ்க்கைப்பட்டுச் சென்னைக்குப் போனதிலிருந்து வருஷா வருஷம் நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தது நம் மரத்துப் புளி. அந்தக் கல்யாணத்தோடு அது நின்றுபோயிருந்தது.

துறைமுகத்தில் பைகளைத் திறந்து பார்த்தவர் மிரண்டுபோனார். "கப்பலுக்கு எதுக்குங்க இவ்ளோ புளி?"

"அலையில வாந்தி வந்தா வாயில போட்டுக்கத்தாங்க."

கப்பலில் இருந்த அத்தனை பேருக்கும் வாந்தி வந்தாலும் மீந்துபோகிற அளவு புளி அது. தம்பி சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டான். அம்மா என் காதில், "தானாடாட்டியும் தன் சத ஆடும்" என்றாள். எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

கப்பலில் நீங்கள் நன்றாகத்தான் இருந்தீர்கள். மேல்தளத்தில் வேட்டி படபடக்க நின்று, "இவ்ளோ தண்ணி கெடக்குது, ஒரு கேவுரு கொல்ல நனையுதா பாரு" என்று நம் கேழ்வரகு வயலுக்காகக் கடலையே திட்டினீர்கள். கடைசி நாள் சாயங்காலம், இறங்கிய பிறகு எங்கே தங்குவது என்ற பேச்சு வந்தது. தம்பி மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த மாதிரி ஒரு ரூம் பார்த்து வைத்திருந்தான். "இத்தன நாளா கடலத்தான பாத்தோம். நாத்தனா வூடு இருக்கறப்ப ரூம் எதுக்கு?" என்றாள் அம்மா. எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்தோம். "பாக்கலாம்" என்றீர்கள். நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்றே சொல்லிவிடுகிற ஆள். பாக்கலாம் என்றால் பாதி சம்மதம். தம்பியும் முணுமுணுத்துக்கொண்டே மாமல்லபுரத்தை விட்டுவிட்டான்.

மறுநாள் துறைமுக வாசலில் பெட்டிகளோடு நின்று அத்தைக்குப் போன் போட்டேன். உங்களுக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் வைத்தேன்.

"எறங்கிட்டீங்களா பாப்பா? சோறு ஆக்கி வெச்சிருக்கேன். உங்கப்பாரு வர்றாரா?"

"பக்கத்துலதான் நிக்கிறாரு அத்தை. நீங்களே ஒரு வார்த்த கூப்புடுங்க."

"அண்ணன் தங்கச்சி வூட்டுக்கு வர்றதுக்கு அழைப்பு வெக்கணுமா? அது அவரு வூடு. வந்தா வேணாம்னா சொல்லப் போறேன்?"

போனை உங்களிடம் நீட்டினேன். நீங்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டீர்கள். என்னைப் பார்த்து, ஆனால் அவளுக்குக் கேட்கிற மாதிரி சொன்னீர்கள்: "அவ வாயால 'வாண்ணா'ன்னு சொல்லட்டும். அழையாத வூட்டுல நான் கால வெக்க மாட்டேன்."

அத்தை வீட்டுக் குக்கர் விசில் அடிப்பது மட்டும் போனில் கேட்டது. அண்ணனும் தங்கையும் ஒரு விசில் முழுவதையும் கேட்டுக்கொண்டு வாயை மூடி நின்றீர்கள். பிறகு அவள் போனை வைத்துவிட்டாள். உங்கள் இரண்டு பேரையும் ஒரே அறையில் போட்டுப் பூட்ட வேண்டும் போல எனக்கு ஆத்திரம் வந்தது.

"ஒரு ராத்திரிதான, தல சாய்க்க எடம் இருந்தா போதும்" என்று நீங்களே முன்னால் நடந்து, ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு லாட்ஜைப் பிடித்தீர்கள். கடலும் இல்லாமல் அத்தை வீடும் இல்லாமல், மூட்டைப்பூச்சி மருந்து வாசனை அடிக்கிற ஒரு அறை. அங்கிருந்து அத்தை வீடு நடந்தே போகிற தூரம். தெரிந்துதானே அந்த இடத்தைப் பிடித்தீர்கள்? மத்தியானம் முழுக்க ஜன்னலோரம் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தீர்களே, யார் வருவார்கள் என்று பார்த்தீர்கள்?

அம்மாதான் பொறுக்க முடியாமல் கேட்டாள். "ஏங்க, புளிய மட்டுமாவது நான் போயி குடுத்துட்டு வரட்டுங்களா?"

"அது வாந்திக்கு" என்றீர்கள்.

நீங்கள் பிடித்த முயலுக்கு என்றைக்கும் மூன்றே கால்தானே. மறுநாள் அந்தப் பை உங்கள் மடியிலேயே உட்கார்ந்து மொரப்பூர் வந்து இறங்கியது.

மழை பிடிப்பதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். கொல்லையிலிருந்து வந்து தண்ணீர் கேட்டவர், சொம்பு வருவதற்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டீர்கள். அத்தைக்குப் போனில்தான் சொன்னோம். அதற்கு மட்டும் வெற்றிலை பாக்கு தேவைப்படவில்லை, பார்த்தீர்களா? தெருமுனையில் காரை விட்டு இறங்கியவள் செருப்பை உதறிவிட்டு ஓடி வந்தாள். உங்கள் நெஞ்சில் விழுந்து, "வாண்ணா... எந்திரிச்சு எங்க வூட்டுக்கு வாண்ணா... சோறு ஆக்கி வெச்சிருக்கேன், வாண்ணா..." என்று கதறினாள். துறைமுக வாசலில் நீங்கள் கேட்டது ஒரே ஒரு தடவை. இங்கே எத்தனை தடவை சொன்னாள் என்று யாருக்கும் கணக்கில்லை. நீங்கள் அசையவில்லை. வந்திருந்த பெண்களெல்லாம் அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. உங்கள் தோளைப் பிடித்து உலுக்கி, "இப்ப போங்கப்பா, கூப்புடறாங்கல்ல" என்று கத்த வேண்டும் போல இருந்தது.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் கிளறுகிறேன் என்று கேட்பீர்கள். தம்பி பெங்களூரில் வீடு வாங்கியிருக்கிறான். பால் காய்ச்சும் அழைப்பு நேற்று என் போனுக்கு வந்தது. பூப்போட்ட படம், கீழே "அக்கா, கண்டிப்பா வந்துடு" என்று ஒரு வரி. அவ்வளவுதான். கூடப் பிறந்த அக்காவுக்கு ஒரு வரி! பெங்களூரிலிருந்து கம்பைநல்லூருக்கு அவனுக்கு வழி தெரியாதா? ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து நீட்டினால் கை தேய்ந்துவிடுமா? உடம்பெல்லாம் எரிந்தது எனக்கு.

"அதான் கூப்பிட்டுட்டான்ல, எப்ப கெளம்பறது?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

"நேர்ல வந்து கூப்புடட்டும். அப்பறம் பாக்கலாம்" என்றேன்.

சொல்லி வாயை மூடியதும் எனக்கே திக்கென்றது. கை பின்னால் கட்டியிருந்தது, அப்பா. நீங்கள் கட்டுகிற அதே மாதிரி. நிலம் அவனுக்கு, நகை எனக்கு என்று பிரித்துக் கொடுத்தீர்களே, யாரையும் கேட்காமல் இதையும் என் பங்கில் சேர்த்து வைத்துவிட்டா போனீர்கள்?

ராத்திரி சரியாகத் தூங்கவில்லை. அதனால்தான் விடிந்ததும் சாக்கை விரித்தேன். கொட்டை எடுத்து, நார் உருவி, கல் உப்பு போட்டுப் பிசைந்து இரண்டு பங்காகக் கட்டி வைத்திருக்கிறேன். பெரிய பங்கு அத்தைக்கு. அவளும் விழாவுக்கு வருகிறாள், அவளுக்கும் போனில்தான் அழைப்பாம். சின்னது தம்பிக்கு. அவன்மேல் கோபம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வாசல்படியிலேயே நிறுத்தி நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத்தான் போகிறேன். உங்கள்மேல் இருக்கிற கோபமும் அப்படியேதான் இருக்கிறது. அதைச் சுமந்துகொண்டுதான் பஸ் ஏறப் போகிறேன்.

தருமபுரியில் வண்டி மாறும்போது, பையில் என்ன என்று யாராவது கேட்டால், புளி என்பேன். எதற்கு இவ்வளவு என்று கேட்டால், தம்பி வீட்டுக்கும் அத்தை வீட்டுக்கும் என்பேன். வாந்திக்கு என்று மட்டும் சொல்ல மாட்டேன்.