களத்துமேட்டு நாற்று

நவம்பர் 12, செவ்வாய்

களத்துமேட்டில் விட்ட நாற்று முளைத்துவிட்டது. தெற்கு மூலையில் மட்டும் சொட்டை. விதை வீசியவனுக்குக் கை கோணல்.

ஊரில் நடவு முடிந்து பயிர் பச்சை பிடித்த பிறகு இந்த அம்மா எதற்கு மறுபடி நாற்று விடுகிறாள் என்று சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். போன இரண்டு கார்த்திகையிலும் பள்ளத்து வயல்கள் முழுகி அழுகின. மறுநடவுக்கு நாற்று தேடி அம்சவல்லி வைத்தீஸ்வரன்கோயில் வரை அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். இந்த வருஷம் மேட்டில் தயாராக இருக்கும். குறுகிய கால நெல். வெள்ளம் வராவிட்டால் நாற்று வீண். அப்படி வீணானால் சந்தோஷம்.

அம்சவல்லி உழுவது என் வயலுக்கு அடுத்த வயல், குத்தகைக்கு. நிலம் இளையபெருமாளுடையது; அவன் சென்னையில். "இந்தத் தடவையும் வெள்ளாமை இல்லேன்னா இறால் குட்டைக்கு விட்டுடுவேன்" என்று போனில் சொன்னானாம். "அதெல்லாம் நடக்க விடமாட்டேன்" என்றேன் அவளிடம். எந்த தைரியத்தில் சொன்னேன்?

நவம்பர் 27, புதன்

நேற்றிலிருந்து ஓயாத மழை. அவள் வயலில் பயிரின் நுனிகூடத் தெரியவில்லை. என் வயலிலும்தான். களத்துமேடு மட்டும் தீவு மாதிரி நிற்கிறது. நாற்று பத்திரம்.

நவம்பர் 29, வெள்ளி

மேல் வயல்காரர் துரைராசு, மண்வெட்டியும் நாலு ஆளுமாக வந்து நின்றார். என் வயல் மூலையில் வடிகால் கரையை வெட்டிவிட வேண்டுமாம். அமாவாசை கழிகிற வரை கடல் பொங்கி நிற்கும், வடிகால் தண்ணீரை வாங்காது, இப்போது வெட்டினால் வடிகால் தண்ணீர் உள்ளே ஏறும் என்றேன். அவருக்கும் தெரியும். பயிர் மூச்சுமுட்டிக் கிடப்பதைப் பார்த்தால் தெரிந்ததெல்லாம் மறந்துபோகிறது.

"கடலுக்கே பெல் அடிச்சு கிளாஸ் எடுப்பாங்க போல, நம்ம கான்வென்ட் அம்மா" என்றார், நான் கான்வென்ட்டில் படித்ததைக் குத்தி, எனக்குக் கேட்கும்படியாகவே.

"எடுத்தா நீங்கதான் முதல் பெஞ்ச்ல உட்காரணும், துரைராசு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்சவல்லி மட்டும் சிரிக்கவில்லை. "பயிரு போனா போவுதும்மா. நாத்து இருக்குல்ல?" என்றாள். அதையே இரண்டு தரம் கேட்டாள்.

டிசம்பர் 1, ஞாயிறு

அமாவாசை. வடிகால் பின்னோக்கி ஓடுகிறது. ஆகாயத்தாமரை மேற்கே போகிறது.

டிசம்பர் 4, புதன்

இன்று கரையை வெட்டினார்கள். தண்ணீர் இறங்குகிறது. துரைராசு என் பக்கம் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

நான் சொன்னது சரிதான். சரியாக இருந்து என்ன? நாற்று வாளிப்பாக வளர்ந்துகொண்டே போகிறது. நட வேண்டிய பருவத்தில் நிற்கிறது, நட வயல் இல்லை. நில், நில் என்று அதனிடம் சொல்ல முடியுமா?

டிசம்பர் 9, திங்கள்

வயல் வெளியே வந்துவிட்டது. பயிர் கருத்துக் கூழாகி நாறுகிறது. டிராக்டர் வைத்து அழுகலை மிதித்தாயிற்று. புதன்கிழமை நடவு, முதலில் அம்சவல்லி வயலில். ஆள் பிடிக்கத்தான் பாடு; எல்லாரும் ஒரே நாளில் கூப்பிடுகிறார்கள். அம்சவல்லி வீடு வீடாகப் போய் ஆறு பெண்களைச் சேர்த்துவிட்டாள்.

டிசம்பர் 11, புதன்

காலையில் நாற்றுப் பறித்தார்கள். கட்டிய நாற்று முடிகளை நானே எண்ணிக் கொடுத்தேன். வேர் அறுபடாமல் பறிக்கச் சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

பாதி வயல் நட்டிருப்பார்கள். கிழக்கே கடல் பக்கம் கறுத்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் கை நின்றுவிடும் என்பதுபோல வேகமாக நட்டார்கள். குடையோடு வரப்பில் நின்றேன். குடையால் என்ன ஆகப் போகிறது என்று எனக்கே சிரிப்பு வந்தது. அப்புறம் மழை இறங்கியது; சிரிப்பு வரவில்லை.

டிசம்பர் 13, வெள்ளி

போய்விட்டது. நட்டது மிதக்கிறது. நடாமல் வைத்த முடிகளும் மிதக்கின்றன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று அம்சவல்லி அவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "ஏறி வாடி, போதும்" என்று கத்தினேன். நான் யாரையும் 'டி' போட்டதில்லை.

"மேட்டுல மிச்சம் இருக்குல்லம்மா?" என்றாள்.

இருக்கிறது. பாதி இருக்கிறது. இரண்டு நாளில் பௌர்ணமி. கடல் மறுபடியும் வாங்காது.

டிசம்பர் 18, புதன்

ஒரு நாற்றைப் பிடுங்கிப் பார்த்தேன். கணு விட்டிருக்கிறது; முற்றிவிட்டது. நுனியைக் கிள்ளி, குத்துக்கு ஏழெட்டாக வைத்து நடலாம்தான்; ஏதோ கதிர் வரும். ஆனால் வயலில் இன்னும் முழங்கால் தண்ணீர். தண்ணீரில் எதை நடுவது?

இளையபெருமாளுக்குப் போன் செய்தேன். எனக்குக் கெஞ்சத் தெரியாது, யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. கேட்க வேண்டியதை மனத்தில் அடுக்கிக்கொண்டுதான் பேசினேன். இரண்டாவது வாக்கியத்திலேயே தடுமாறி, "ஒரு வருஷம் பொறுத்துக்கோ, ப்ளீஸ்" என்றேன்.

"உங்க மேல எனக்கு எவ்வளவு மரியாதைன்னு தெரியும்ல, ஆன்ட்டி? ஆனா கையெழுத்து போட்டாச்சு. நாலு வருஷமா நானும்தான் பொறுத்தேன்."

அவன் பொய் சொல்லவில்லை. அதுதான் கஷ்டம். திட்டவாவது முடிந்திருக்கும்.

இறால் குட்டையின் உப்பு என் வயலுக்கும் வரும். அதை அவனிடம் சொல்லவில்லை. எனக்காகக் கேட்டதாக ஆகிவிடும்.

டிசம்பர் 22, ஞாயிறு

அம்சவல்லியிடம் சொல்லிவிட்டேன். "அவரு எனக்கு முந்தாநேத்தே சொல்லிட்டாரும்மா. நீங்க தாங்கமாட்டீங்கன்னுதான்..." என்றாள்.

என்னைத் தாங்கிக்கொண்டு இரண்டு நாள் இருந்திருக்கிறாள்.

ஜனவரி 9, வியாழன்

வயல் காய்ந்துவிட்டது. வெடிப்புகூட விட்டிருக்கிறது. காலையிலிருந்து அடுத்த வயலில் குட்டை வெட்டும் பொக்லைன் சத்தம்.

பத்து மணிக்கு அம்சவல்லி அரிவாளோடு வந்தாள். கொஞ்ச நேரம் எதையோ பேசிவிட்டு, "மேட்டு நாத்த மாட்டுக்கு அறுத்துக்கட்டுமாம்மா? சும்மா பழுத்துப் போவுது" என்றாள்.

அறுத்துக்கொள் என்றேன். கிழக்கு ஓரத்தில் ஆரம்பித்து, வரிசை கலையாமல், ஒரே மட்டமாக அறுக்கச் சொன்னேன்.

அவளும் அப்படியே அறுத்தாள்.