ஐந்து நாளாய் வராத வைஃபை குறித்துக் கோப்பெருந்தேவி விடுத்த ஓலை

நெடுங்கரை நாட்டில் மழை பிழையாதிருக்க, மரக்கலங்கள் கரை சேர்ந்திருக்க! போர்முனையில் நிற்கும் வேந்தர் செருவேல் நெடுங்கோவின் தேவியும், அவர் மீளும்வரை முத்திரை மோதிரம் தாங்கி நாடு காப்பவளுமான அல்லியங்கோதை, அடிவாரப் பேட்டையிலிருந்து நாடெங்கும் இணையம் பேணும் வலைநாயகம் உதியன் கீரனாருக்கு விடுக்கும் ஓலை. தங்கள் மனை செழிக்க; தங்கள் அலைக்கோபுரங்களில் இடி விழாதிருக்க.

வாழ்த்தை இதற்குமேல் நீட்ட எமக்குப் பொழுதில்லை. கடல் கடந்து பவழத்தீவில் மணம்கொண்டு வாழும் எம் ஒரே மகள் வெண்பாவை, இன்று அந்தி சாய்கையில் இதய அறுவைக்குச் செல்கிறாள். உள்ளே போகுமுன் அம்மாவின் முகத்தை ஒருமுறை திரையில் பார்க்க வேண்டும் என்று அவள் சொல்லியனுப்பியது நேற்றுக் கப்பலில் வந்தது. எம் அறைக் கணினியிலோ ஐந்து நாளாக வைஃபை இல்லை. வேந்தர் போரில் இருக்கையில் தேவி கோட்டை வாயில் தாண்டலாகாது என்பதால், தங்கள் பேட்டைக்கு ஓடிவரவும் வழியில்லை.

தாங்கள் முன் ஓலைகளில் பணித்தவை யாவும் செய்தாயிற்று. ரவுட்டரின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கி, முப்பது எண்ணி, மீண்டும் சொருகச் சொன்னீர்கள். அரண்மனையில் எக்கருவிக்கு மின்னூட்டினும் முரசறைய வேண்டும் என்பது விதியாதலால், ஒவ்வொரு முறையும் முரசு முழங்கிற்று, ஏழாம் முறை முரசறைவோன் கை வீங்கிற்று, வைஃபை வரவில்லை. பழைய இணைப்பை நீக்கிவிட்டுப் புதிதாகத் தேடினோம். பட்டியலில் எம் அரண்மனையின் பெயரே காணோம். கணினிதான் பழுதோ என்று தாதி மருதியின் கைபேசியிலும் பார்த்தோம், அதிலும் இல்லை. நிமித்திகர் கணினியை வடகிழக்கு நோக்கித் திருப்பச் சொன்னார், திருப்பினோம், கழுத்துதான் வலிக்கிறது.

ரவுட்டர் திறந்த இடத்தில் இருக்கிறதா என்று முந்தாநாள் தாங்கள் கேட்டிருந்தீர்களாம். அவ்வோலையை எமக்குக் காட்டாமலே, தக்க மரியாதையுடன் வைக்கப்பட்டுள்ளது என்று மறுமொழி விடுத்துவிட்டார் அரண்மனை அதிகாரி சாத்தனார். சற்றுமுன்தான் அது எம் கண்ணில் பட்டது. என்ன மரியாதை என்று நேரில் போய்ப் பார்த்தோம், கீரனாரே.

போருக்குப் புறப்படும் வேந்தர், தமக்கு மிக அரிய பொருளைச் செப்புப் பேழையில் இட்டு முத்திரை வைத்துச் செல்வது இந்நாட்டு வழக்கம். முன்னோர் வாளை வைத்தார்கள், முடியை வைத்தார்கள். எம் கோமானோ, ஐந்து நாள் முன் புறப்படுகையில், மகளின் முகம் காட்டுவது இதுவே என்று, கம்பிக்கு மட்டும் துளையிட்டு, ரவுட்டரை உள்ளே வைத்து மூடிச் சென்றிருக்கிறார். உலோகத்துள் அடைத்தால் அலை வெளிவராது என்று தாங்கள் எழுதியதை அவர் படித்ததில்லை. பாசத்தால் செய்தவரை எப்படி நோவது?

அம்முத்திரையை வேந்தர் கையன்றி வேறு கை உடைத்தால், உடைத்தவர் பதவி அக்கணமே போகும், தேவிக்கும் விலக்கில்லை. வேந்தருக்கு ஆள் விடுத்து இசைவு பெறலாம் என்று சாத்தனார் காலில் விழுந்து வேண்டினார். போர்முனைக்கு நான்கு நாள் வழி. மகளுக்கு இருப்பதோ பத்து நாழிகை.

ஆதலால் எம் ஆணை: இவ்வோலை கண்டவுடன் கருவிகளோடு குதிரையேறி வருக. வாயிலில் எவரும் தங்களை மாலையிட்டு நிறுத்தலாகாது, முரசு கூடாது, நேரே எம் அறைக்கு வருக.

இவ்வளவும் எழுதி, முத்திரையிடுமுன், போய்ப் பேழையை உடைத்து ரவுட்டரை வெளியே எடுத்தேன். கணினி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறது. மோதிரத்தைக் கழற்றிப் பேழைக்குள் வைத்துவிட்டேன். ஆகவே இவ்வோலையில் முத்திரை இராது, மேலே எழுதிய ஆணையும் செல்லாது. அதை வேண்டுதலாகக் கொண்டு விரைந்து வாருங்கள்.

இங்ஙனம்,
வெண்பாவையின் தாய்.