மஞ்சள் சட்டைப் படம்

2009 ஒக்டோபர் 3
படம் பார்க்கும் கூட்டத்துக்கு இன்று கதிரை போதவில்லை. சாய்ந்தமருதில் எங்கள் அல்பங்களையெல்லாம் சுனாமியன்று கடல் கொண்டுபோனது. ஆனால் சம்மாந்துறை, அக்கரைப்பற்றுச் சொந்தக்காரர் வீடுகளில் எங்கள் ஊர்க் கலியாணப் படங்கள் கிடக்கின்றன. அவற்றை வாங்கி ஸ்கேன் பண்ணி, எல்லோரும் பார்க்க இணையத்தில் ஒரே இடத்தில் சேர்க்கிறோம். சனிக்கிழமைகளில் சுவரில் போட்டு, யார் யார் என்று கதைக்கிறோம். காரைதீவு மீனாம்பிகை டீச்சர் லப்டொப்புடன் வருகிறாள். இந்த வருடம் யுத்தம் முடிந்ததில் அவளுக்கு வந்துபோவது லேசு.

என் தங்கை சுல்பிகா மட்டும் வருவதில்லை. அவள் மகள் ஸுஹைறா கடலோடு போய் ஐந்து வருடமாகப் போகிறது. பிள்ளையின் ஒரு படம்கூட மிச்சமில்லை. பெயரையும் அவள் எடுப்பதில்லை. நாங்களும் எடுப்பதில்லை — இது சரியா?

ஒக்டோபர் 10
பக்கத்து வீட்டு ஆமினா உம்மாவின் மகள் கலியாணப் படம் கிடைத்தது. மணமகளுக்குப் பின்னால், முகம் பாதி திரும்பி, மஞ்சள் சட்டையில் ஒரு சிறுமி.

"இது சுல்பிகாட புள்ளதானே" என்றார் ஆமினா உம்மா. ஓம், பெருநாளுக்குத் தைத்த அதே சட்டை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"பிரின்ற் எடுத்துத் தாறன். கொண்டுபோய்க் குடு" என்றாள் மீனாம்பிகை.

ஒக்டோபர் 11
படம் கைப்பையில்தான் இருக்கிறது. தங்கச்சி வீட்டு வாசல்வரை போய்த் திரும்பினேன்.

ஒக்டோபர் 13
கொடுத்தேன். கையைத் துடைத்துவிட்டு வாங்கி, ஜன்னலடியில் வைத்துப் பார்த்தாள்.

"இது எண்ட புள்ள இல்ல ராத்தா. உங்கட மகள் றிஸ்லா."

என்ன மடத்தனம். பெருநாளுக்குப் பெருநாள் ஒரே துணியில் வெட்டித்தானே எங்கள் இருவரின் பிள்ளைகளுக்கும் சட்டை தைப்போம். சட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை. சொந்த மகளையே தெரியாத தாயா நான்? ஸுஹைறாவாக இருக்கட்டும் என்று நினைத்துவிட்டேன் போல.

பார்த்தால், சுல்பிகா சிரிக்கிறாள்.

"படத்துக்கு அசையாம நிக்கிறவளா அவள்? அந்த நேரம் மேசைக்குக் கீழ ஒளிச்சிருந்து, மாப்பிள்ளைக்கு வெச்ச வட்டிலப்பத்தத் தோண்டித் தோண்டித் திண்டாள். நான்தான் காலப் புடிச்சி இழுத்தெடுத்தன்."

அதற்குப் பிறகு அவள் நிறுத்தவே இல்லை. ஸுஹைறாவுக்குப் பல் விழுந்தது, அவள் குர்ஆன் ஓதப் போகாமல் ஒளிந்தது, கோழிக்குப் பெயர் வைத்தது... தேத்தண்ணி ஆறிப்போனது.

ஒக்டோபர் 17
சுல்பிகா வந்தாள். பின் வரிசையில் இருந்தாள். மஞ்சள் சட்டைப் படம் சுவரில் விழுந்ததும், யாரும் கேட்காமலே வட்டிலப்பக் கதையைச் சொன்னாள்.

"அடி கள்ளி, அவள்ட வேலையா அது? மாப்பிள்ளைட தம்பியயெல்லோ நான் ஏசின" என்றார் ஆமினா உம்மா. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

மீனாம்பிகை படத்தின் கீழே பெயர்களை அடித்துக்கொண்டு வந்தாள். "மஞ்சள் சட்டை, றிஸ்லா. வேற ஆரும் இருக்கா?"

"ஸுஹைறா எண்டும் போடுங்க டீச்சர்" என்றாள் என் தங்கை. "மேசைக்குக் கீழ."

டீச்சர் அப்படியே பதிந்தாள்.