கூரைவரை எட்டாத சுவர்

கொட்டகலை, செவ்வாய் இரவு

எங்கள் தேயிலைத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீடுகளில் பட்டப்பகலில் நகை திருடுபோனதிலிருந்து மனைவிக்குத் தூக்கமில்லை. மகள் கல்யாணத்துக்கென்று எங்களிடம் இருப்பது ஒரே ஒரு சங்கிலி. இன்று பள்ளிக்கூடத்தில் பாடம் முடித்து வரும் வழியில், கடைவீதியிலேயே பெரிய பூட்டாகப் பார்த்து வாங்கிவந்து கதவில் மாட்டினேன். பிறகு, சங்கிலியை அரிசி வாளிக்குள் ஒளிப்பது என்று இருவரும் கிசுகிசுத்து முடிவுசெய்தோம்.

லயத்தில் வீடுகளைப் பிரிக்கும் சுவர் கூரைவரை எட்டாது. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து வீட்டு மாரியாயி அக்காவின் குரல் வந்தது.

“மாஸ்டர், அரிசியில வேணாங்க. மேல் லயத்துலயும் அங்கதான் மொதல்ல கைய விட்டாங்களாம்.”

நன்றி சொன்னேன். அக்காவோடு வேறு யார் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று கேட்க வாய் வரவில்லை.

வேறு இடம் பார்க்க வேண்டும். அதைப் பேசத்தான் வழியில்லை. வாசலில் பூட்டு பத்திரமாக இருக்கிறது. மனைவி சங்கிலியைக் கைக்குள் பொத்திக்கொண்டு என்னையே பார்க்கிறாள்.