சாரலில் ஊறிய அலமாரி

அன்புள்ள உனக்கு,

கல்யாணச் சீராக வந்த உன் தேக்கு அலமாரியை எடுத்துப்போக உன் தம்பி தளவாய் ஞாயிற்றுக்கிழமை லோடு ஆட்டோவோடு வந்திருந்தான். நான் மறுப்பேதும் சொல்லவில்லை. நாம் பிரிந்துவிடுவது என்று இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்த பிறகு அது உன் பொருள்தான்.

ஆனால் அலமாரிக் கதவு திறக்கவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கியதிலிருந்து இங்கே இலஞ்சியிலும் சாரல் விடவில்லை. மரம் ஊறிவிட்டது. உள்ளே இருக்கும் திருகாணிகளைக் கழற்றினால்தான் அலமாரி இரண்டாகப் பிரியும், பிரித்தால்தான் வாசலைத் தாண்டும் என்பது உனக்குத் தெரியும்.

"ஒடைச்சிரவா அத்தான்?" என்று கேட்டான். வேண்டாம் என்று ஆசாரியைக் கூப்பிட்டேன்.

அவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இப்ப நெம்புனா பலகை பொளந்திரும் அண்ணாச்சி. சாரல் நின்னு நல்லா வெயில் அடிச்சா தானா தெறக்கும்" என்றார்.

தம்பி காப்பி குடித்துவிட்டு வெறும் வண்டியோடு கிளம்பினான். மரம் காய்ந்ததும் சொல்லி அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறேன். உன் பட்டுச்சேலைகள் உள்ளேதான் இருக்கின்றன.

ஆசாரி போகும்போது அலமாரியை ஒட்டியிருக்கும் ஜன்னலைக் காட்டி, "இத மொதல்ல சாத்துங்க. சாரல் பூரா இது வழியாத்தான் மரத்துல அடிக்குது" என்றார். சரி என்று தலையாட்டினேன்.

சீசன் வந்ததும் நீ முதலில் சாத்துகிற ஜன்னல் அது. இதை எழுதும்போதும் திறந்துதான் இருக்கிறது.

இப்படிக்கு,
இலஞ்சி வீட்டில் இருப்பவன்