கையால் தொடாதே

ஜூன் 10, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. தென்காசியே குளுகுளுவென்று இருக்கிறது. எனக்கு மட்டும் உச்சந்தலை கொதிக்கிறது. ஆபீஸில் கூட வேலை பார்க்கிற குமரகுரு என் ஃபைல்களில் மறுபடியும் கை வைத்திருக்கிறான்.

அறை எண், வாடகை, வரும் நாள், போகும் நாள் — ஒரு லாட்ஜுக்கு வேண்டிய விவரம் எது எது, எப்படி இருக்க வேண்டும் என்று ஒரே ஒரு வரையறை ஃபைலில் எழுதிவிட்டால் போதும். நான் எழுதிய புரோகிராம் அதைப் படித்து வெப்சைட்டுக்கான கோடிங் முழுவதையும் தானே எழுதிவிடும். ஐந்தருவிப் பக்கத்து லாட்ஜுகளுக்கெல்லாம் அப்படித்தான் செய்து கொடுத்திருக்கிறோம். அது எழுதும் ஒவ்வொரு ஃபைலுக்கும் முதல் வரி: 'கையால் தொடாதே. சுகந்தியிடம் கேள்.' கண் தெரியாதா அவனுக்கு? எதை மாற்றுவதென்றாலும் வரையறையில்தான் மாற்ற வேண்டும். அதை என்னைத் தவிர யாரும் மாற்ற முடியாதபடி பூட்டி வைத்திருக்கிறேன். இவன் கையில் கொடுத்தால் உருப்படுமா?

ஜூன் 11

வரையறையில் ஜிஎஸ்டி எண்ணைச் சேர்த்து புரோகிராமை ஓட்டினேன். எல்லா ஃபைலும் புதிதாக எழுதப்பட்டது. அவன் கையால் செய்து வைத்ததெல்லாம் போச்சு. போகத்தானே செய்யும்?

ஆபீஸ் நடுவில் நின்று கத்தினான். "வேணும்னே அழிக்கா பாய் இவ. ஏட்டி, ஒனக்கு என்னதான் வேணும்?"

ஏட்டியாம். நான் என்ன இவன் வீட்டுப் பிள்ளையா? முதல் வரியைப் படிக்கத் தெரியாதவனுக்கு எதுக்கு கம்ப்யூட்டர் என்று நானும் விடவில்லை.

முதலாளி ஹுஸைஃபா பாய் சத்தம் போடுகிற ஆளில்லை. இன்றும் போடவில்லை. "இன்னொரு சண்டை வந்துச்சுன்னா இந்த மிஷினே வேண்டாம். எல்லாரும் கையாலயே எழுதுங்க. சுகந்தி, நீ போன் எடுக்குத சீட்டுக்குப் போயிரு" என்றார். என் புரோகிராமைத்தான் மிஷின் என்கிறார்.

போன் எடுக்கவா? இரண்டு வருஷமாக ஞாயிறுகூடப் பார்க்காமல் கட்டியது இது. அழுகை வந்தது. அவன் முன்னால் அழ மாட்டேன்.

ஜூன் 12

எல்லோருக்கும் டீ சொன்னான். எனக்கு மட்டும் சொல்லவில்லை. சின்னப் புத்தி.

ஜூன் 14, சனி

அருவியில் நல்ல தண்ணீர். கூட்டம் கொட்டுகிறது. பத்து மணிக்கே ஐந்தருவி லாட்ஜிலிருந்து ஜெனி போன் செய்தாள். அங்கே கவுண்டரில் இருப்பவள்.

"யக்கா, ஈரத்துணியோட நிக்காங்க. போற தேதி நாளைக்குத்தான் இருக்கணும்னு சொல்லுது ஒங்க சைட்டு. குளிச்சு, துணி மாத்தி, சாப்பிட்டு மத்தியானமே போறவங்களுக்கு நான் என்ன தேதி போட?"

வேறு வழியில்லாமல் எல்லா லாட்ஜிலும் நாளைய தேதியைப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு அத்தனை அறையும் நிறைந்துவிட்டதாகக் காட்டுகிறது. அறைகளோ மத்தியானத்துக்கு மேல் சும்மா கிடக்கின்றன.

போகும் நாள் வரும் நாளுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும் — வரையறையில் அதை எழுதியவள் நான். தென்காசிக்காரி எவள் குற்றாலத்தில் ரூம் போட்டிருக்கிறாள்? பஸ் ஏறிப் போவோம், குளிப்போம், ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்துவிடுவோம். எனக்கு எப்படித் தெரியும்?

ஜூன் 15

அழிந்துபோன அவன் கைவேலையைப் பழைய பிரதியில் தேடி எடுத்தேன். ஒவ்வொரு லாட்ஜிலும் இதே ஒரு விதியைத்தான் நீக்கியிருக்கிறான். அவன் அப்பா ஐந்தருவியில் லாட்ஜ் மேனேஜர். தெரிந்திருக்கிறது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை?

சொல்லியிருந்தால் கேட்டிருப்பேனா? — மாட்டேன். அதுக்காக அவன் செய்தது சரியாகிவிடுமா? ஆகாது.

ஜூன் 16

வந்த நாளே போகலாம் என்று வரையறையில் ஒரு வரி மாற்றினேன். ஓட்டினேன். எல்லா லாட்ஜும் சரியாகிவிட்டது.

தப்பைக் கண்டுபிடித்தது யார் என்று பாய் கேட்டார். அவன் என்னையே முறைத்துக்கொண்டு நின்றான், நான் பொய் சொல்லட்டும் என்று காத்திருக்கிறவன் மாதிரி. அந்தச் சந்தோஷத்தை அவனுக்குக் கொடுக்க மாட்டேன். "அவன்தான்" என்றேன். வாயெல்லாம் கசந்தது.

பாய் அவனிடமே கேட்டார், இந்த மிஷின் வேண்டுமா வேண்டாமா என்று. ஒரு வார்த்தை போதும் அவனுக்கு, என்னைப் போன் சீட்டில் உட்கார வைக்க.

"மிஷின் இருக்கட்டும் பாய். பூட்டைத் தொறக்கச் சொல்லுங்க."

ஜூன் 18

திறந்துவிட்டேன். கோபத்தோடுதான்.

ஜூன் 20

அவனுடைய முதல் மாற்றம் வந்தது. 'குளித்துவிட்டுப் போகிறவரா?' ஆம், இல்லை. ஆம் என்றால் அறை மத்தியானமே காலியாகிவிடும், மறுபடி வாடகைக்கு விடலாம். எழுத்துப்பிழை இருக்குமா, எங்கேயாவது இடிக்குமா என்று மூன்று தடவை பார்த்தேன். ஒன்றுமில்லை. நன்றாக இருக்கிறது. அதுதான் எரிகிறது.

ஓட்டுவதற்கு முன் முதல் வரியை மாற்றினேன். நானேதான் தட்டினேன்.

'கையால் தொடாதே. சுகந்தியிடமோ குமரகுருவிடமோ கேள்.'

எல்லா ஃபைலிலும் ஏறிவிட்டது. அவனோடு இன்னும் பேசவில்லை.