ஓரத்தில் ஒரு சின்ன ஸ்விட்ச்

அன்புள்ள அப்பாவுக்கு,

வித்யா எழுதுகிறேன். இங்கே நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி பரவாயில்லையா? போனில் "சாப்பிட்டியா" என்று கேட்டதுமே அம்மாவிடம் கொடுத்துவிடுகிறீர்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

பழைய லேப்டாப்களில் லினக்ஸ் போட்டுப் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. நேற்று ஒன்றில் வைஃபை வரவே இல்லை. கமாண்ட் கொடுத்துப் பார்த்தால், உள்ளே வைஃபை சிக்னலை வாங்கும் ரேடியோவுக்கு இரண்டு பூட்டு என்று காட்டியது. ஒன்று சாஃப்ட்வேர் போட்ட பூட்டு, அதைத் திறந்துவிட்டேன். இன்னொன்று அசையவில்லை. மத்தியானம் வரை எதையெதையோ தட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பக்கத்து சீட் மெர்சி வந்து, லேப்டாப் ஓரத்தில் இருந்த சின்ன ஸ்விட்சை நகத்தால் தள்ளினாள். வைஃபை வந்துவிட்டது. கையால் அணைத்ததைக் கையால்தான் போட முடியுமாம். எந்த கமாண்டுக்கும் அது கேட்காதாம்.

உடனே உங்கள் ஞாபகம் வந்தது. லைன்மேனாக இருந்தபோது, சப் ஸ்டேஷனில் கரண்ட்டை நிறுத்திவிட்டோம் என்று சொன்ன பிறகும், நீங்களே போய் அந்த லைனில் இருக்கும் ஸ்விட்சை இறக்கிவிட்டுத்தானே கம்பத்தில் ஏறுவீர்கள்? அதுவும் இதே ஏற்பாடுதானா? நீங்கள் மேலே இருக்கும்போது சப் ஸ்டேஷனில் யாராவது தெரியாமல் கரண்ட்டைப் போட்டது உண்டா?

நான் தங்கியிருக்கும் ஆஸ்டின் டவுன் ரூமில் ஒரு பிளக் சரியில்லை. எதிர்வீட்டு உதயா அண்ணன் இங்கே வரும்போது உங்கள் டெஸ்டரைக் கொடுத்தனுப்புங்கள். இங்கேயும் கடையில் கிடைக்கும், ஆனாலும் உங்களுடையதே இருக்கட்டும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை போன் செய்கிறேன். நான் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு, அப்புறம் அம்மாவிடம் கொடுங்கள்.

உங்கள் மகள்,
வித்யா